திரும்பி வரும்போது

1

வாசகப் பெருமக்களே, வாருங்கள். ஓர் அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள்! கண்டி-தம்புள்ளை வீதியில், நாலந்தாவுக்கு அருகே ஒரு வளைவில், உழைக்கும் பெண்ணொருவருக்குச் சோம்பேறிப் பட்டம் சூட்டப்பட்டிருக்கிறது.

(இக்கதை பிறந்தது ஒரு வாழ்த்துரையில். அதே வளைவில் மிளகுக் கடை வைத்திருக்கும் பஸ்லி முதலாளிக்கு வியாபாரிகள் சங்கம் 'உழைப்பின் சிகரம்' விருது வழங்குகிறது. வாழ்த்துரை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். "வெறுங்கையோடு வந்து, வியர்வையையே முதலாக்கி..." என்று தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டேன். எந்த வெறுங்கை? கடையும் காணியும் அவருடைய வாப்பா விட்டுச் சென்றவை.)

2

உம்மு குல்தூம் பஸ்லிக்கு நேரெதிரே, சங்கத்தின் வாடகைக் கடையில் மிளகும் கராம்பும் விற்கிறார். அதே தோட்டத்து மிளகு, அதே விலை. கடை திறப்பது மட்டும் பஸ்லிக்கு முன்னால். ஆனால் அவர் இருப்பது தம்புள்ளைக்குப் போகும் பக்கம். பஸ்லி இருப்பது கண்டிக்குத் திரும்பும் பக்கம். போகிற சுற்றுலா வான்கள் உம்மு குல்தூமிடம் நிற்கும். இறங்குவோர் முகர்ந்து பார்ப்பார்கள், மனதாரப் புகழ்வார்கள், "திரும்பி வரும்போது வாங்குறோம்" என்பார்கள். சொன்னபடியே திரும்பியும் வருவார்கள். வந்து, இடப்பக்கம் நிறுத்தி, பஸ்லியிடம் வாங்குவார்கள்.

(இன்னொன்று: பஸ்லியின் வாப்பா முதலில் ஆசைப்பட்டது எதிர்ப்பக்கக் காணிக்கு. அதை வேறொருவர் முந்திக்கொண்டார். அந்தத் தோல்வி வாழ்க!)

3

"ஏளனமாகச் சிரித்தபடி பஸ்லி தன் மீசையை..." இந்த வரியை அடித்துவிட்டேன். அவருக்கு மீசை இல்லை; ஏளனமும் வராது. மழை வந்தால் எதிர்க்கடைச் சாக்குகளையும் ஓடிவந்து தூக்கிவைக்கிற மனிதர். ஆயினும், உம்மு குல்தூமின் விற்பனையில்லாத கடையை இம்மாதத்தோடு மீட்டு 'உழைக்கக்கூடிய' ஒருவருக்குக் கொடுப்போம் என்று சங்கம் தீர்மானித்தபோது, முதலில் உயர்ந்த கை அவருடையதுதான். துளி வன்மமும் இல்லாமல் உயர்ந்தது. அதனால்தான் எனக்கு இத்தனை கோபம்.

4

விருது விழா. பொன்னாடை போர்த்தியாயிற்று. உழைத்தால் எவரும் உயரலாம், இடமும் காலமும் வெறும் சாக்கு என்று பஸ்லி முழங்கினார். அவரை 'நானா' என்று அண்ணன் முறையில் அழைக்கும் உம்மு குல்தூம் எழுந்தார்.

"அப்ப ஒரு வேல செய்வோமா, நானா? மாசம் முடியிற வரைக்கும் கடைய மாத்திக்குவோம். நீங்க என்ட பக்கம், நான் ஒங்கட பக்கம்."

சபை சிரித்தது. பொன்னாடைக்குள் அகப்பட்ட பஸ்லிக்கும் சிரிப்பதைத் தவிர வழியில்லை.

"மாத்துவோம், தங்கச்சி. ஒங்கட பக்கம் வெயில்தான் கொஞ்சம் கூட."

"அது ஒன்னுதான் நானா அங்க நாள் முழுக்க நிக்கிறது."

5

முதல் நாள் பஸ்லி தொண்டை கட்டும்வரை கூவினார். வான்கள் நின்றன, புகழ்ந்தன, வாக்குறுதி தந்தன, போயின. பின்னேரம் வீதியைக் கடந்து வந்தார்.

"தங்கச்சி, இவங்க மெய்யாவே திரும்பி வருவாங்களா?"

"வந்துட்டுத்தான் இருக்காங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க நானா, யாவாரத்த மறைக்கிறீங்க."

6

முடிவு ஒன்று: பஸ்லி மேடையேறி விருதைத் திருப்பிக் கொடுக்கிறார். (கைதட்டு நிச்சயம். எழுதிய எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: உயர்ந்த கையைப் பஸ்லி இறக்குகிறார், சங்கம் தன் தீர்மானத்தைக் கைவிடுகிறது, அவரவர் கடைக்கு அவரவர் திரும்புகிறார்கள். இதை நம்புகிறேன். ஆனால் மறுநாளும் வான்கள் இடப்பக்கமே நிற்குமே! நல்ல மனம் எந்த வானையும் திருப்பியதில்லை.

ஆகவே மூன்றாவது முடிவை நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் கால்களில் இருக்கிறது. தம்புள்ளையிலிருந்து திரும்புகிறீர்களா? இடப்பக்கம் நிறுத்துங்கள், சட்டம் அப்படி. இறங்குங்கள். பஸ்லிக்கு ஒரு ஸலாம் சொல்லுங்கள். இருபுறமும் நன்றாகப் பாருங்கள்.

பிறகு, வீதியைக் கடந்து போங்கள்!