நாகஜோதியின் கையில் ஏறிய அத்தியாயம்

புத்தகக் கண்காட்சியில் வாங்கிய தாம்பத்திய நூலின் நான்காம் அத்தியாயம் நாகஜோதியின் இடது கையில் ஏறிவிட்டது. மணிக்கட்டில் தொடங்கித் தோள்வரை, அச்சில் இருந்த அதே எழுத்து. புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் வெள்ளையாகிவிட்டன. அவள் திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். துணியில் கறை எடுக்கும் மருந்தைக் கையில் அடித்துப் பார்த்தாள். தோல் சிவந்ததே தவிர எழுத்து போகவில்லை.

அவளும் கட்டிங்கில் வேலை செய்யும் அவள் கணவன் பெருமாள்சாமியும் கல்யாணமான கையோடு சாத்தூர்ப் பக்கமிருந்து திருப்பூர் வந்தவர்கள். அவன் நெருங்கும்போதெல்லாம் அவளுக்கு வலித்தது. சொன்னால் தன்மேல்தான் குறை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் அதை வெறுப்பென்று எடுத்துக்கொண்டு, வருஷங்கள் போகப்போக ஓவர்டைமுக்குள் ஒதுங்கினான். யாரிடமும் கேட்க முடியாமல்தான் அவள் அந்தப் புத்தகத்தை வாங்கி ஒளித்துவைத்துப் படித்தாள். இப்போது கையையும் ஒளிக்க வேண்டியதாயிற்று. முழுக்கைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டாள்.

பீஸ்களைப் புரட்டும்போது சட்டைக்கை ஏறியதைச் சூப்பர்வைசர் சண்முகப்பிரியா பார்த்துவிட்டாள். நாகஜோதி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். சண்முகப்பிரியா குனிந்து நிதானமாகப் படித்தாள்.

“ஏங் கண்ணு, இதுக்கு அடுத்த வரி எங்கிருக்குது?”

“முழங்கைக்கு மேலக்கா.”

அன்று முதல் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். கல்யாணமாகி இருபது வருஷமான ஒருத்தி படித்துவிட்டு, முகம் கழுவப் போய் வெகுநேரம் வரவில்லை.

வீட்டில் மட்டும் சட்டைக்கை இறங்கியே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெருமாள்சாமி பையில் துணிகளை எடுத்து வைத்தான்.

“நா ஊருக்கே போயிரலாம்னு இருக்கேன் ஜோதி. கையக்கூட மூடிக்கிட்டுத் திரியிற. என்னயப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிரு.”

அவள் சட்டைக்கையைச் சுருட்டிக் கையை அவன் மடியில் வைத்தாள். எட்டாவதோடு நின்றவன் அவன். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பான். வலியைச் சொல்லலாம் என்றிருந்த வரியில் விரல் நின்றுவிட்டது.

“வலிச்சுச்சா?”

“ம்.”

“இத்தன நாளுமா?”

அவள் தலையசைத்தாள். அவன் விம்மிவிட்டான். “எங்கிட்டச் சொல்லக் கூடாதா புள்ள?” என்றான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். விரல் தோளுக்கு வந்து சேர்வதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. அவ்வளவு மெதுவாக அவன் தன்னைத் தொட்டதே இல்லை என்று அவளுக்குப் பட்டது. அதை அவனிடமே சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மிச்சமிருந்த அத்தியாயங்களை இருவரும் சேர்ந்தே படித்தார்கள். அவசரமில்லாமல் படித்ததில் மாசக்கணக்கு ஆயிற்று. அவை பெருமாள்சாமியின் முதுகில் ஏறின. தன் முதுகு அவன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அவள்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. வெயில் காலத்தில் அவன் சட்டையைக் கழற்றிவிட்டுத் துணி வெட்டும்போது பின்னால் நிற்கும் ஆட்கள் படிக்கிறார்கள். புதுமாப்பிள்ளை யாராவது இருந்தால் மற்றவர்கள் நகர்ந்து அவனுக்கு இடம் விடுகிறார்கள்.