தொட்டியில் கரைத்த உப்பு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஒட்டுக்கேட்டது. மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு வண்ணமீன் கடை. எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"மீன் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையா புள்ளி. உப்புத் தூவின மாதிரி இருக்குங்க."

"அதுக்கு உப்புதாம்மா மருந்து," என்றார் கடைக்காரர்.

"தொட்டி நிறைய செடி இருக்கே."

"செடிக்கு உப்பு ஆகாது. மீனைப் பிடிச்சு வேற தொட்டில விட்டு, அதுல போடுங்க."

"தொட்டிக்குள்ள கையே விடக்கூடாதுன்னு தம்பி சொல்லிட்டுப் போயிருக்கான்."

"அப்ப செடி வேணுமா மீன் வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். மழை விட்டது, அவளும் போய்விட்டாள். இதற்குமேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

அந்தத் தொட்டிக்குள் ஒரு காடு மூழ்கிக் கிடந்தது. தம்பி மட்டுமே அந்தக் காட்டின்

(வேண்டாம். எழுதுகிறவனுக்கு இனிக்கும், படிக்கிறவனுக்குப் பல் கூசும்.)

தம்பிக்குச் சிறுநீரகக் கோளாறு. அவனுக்கு உப்பில்லாமல் சமைத்த அதே கையால் அக்கா மீனுக்கு உப்பு

(இதுவும் வேண்டாம். கூப்பிடாமலே வந்து பந்தியில் உட்காருகிற உவமையை வீட்டுக்குள் விடக்கூடாது. உப்பு என்றதும் பழமொழிகளும் வரிசைகட்டி வந்தன. எல்லாரையும் வாசலோடு அனுப்பிவிட்டேன்.)

2, மறுபடியும்

அக்காவுக்கு மாணவர் விடுதிச் சமையலறையில் வேலை. தம்பி லிப்ட் மெக்கானிக். இருவரும் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். ஒரே வீடு, இரண்டு அறை. தம்பியின் கட்டிலுக்கு எதிரே அந்தத் தொட்டி. கடையில் வாங்கிய ஒரு கைப்பிடித் தண்டை நறுக்கி நறுக்கி நட்டு, வருஷக்கணக்கில் வளர்த்த செடிகள். நடுவே கப்பி என்கிற குட்டி வண்ணமீன்கள்.

தம்பிக்கு நுரையீரலில் புற்று. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவன் சொன்னது இவ்வளவுதான்: "தீனி போடு, தண்ணி குறைஞ்சா ஊத்து. உள்ள மட்டும் கைய விடாதேக்கா. செடி வேரோட கிளம்பிடும்."

அவள் விடவில்லை. வலையைக்கூட விடவில்லை. கல்லுப்பைச் சொம்பில் கரைத்து மேலாக ஊற்றினால் கை வைக்க வேண்டியதில்லையே.

3

புள்ளிகள் போயின. மீன்கள் வாலை விரித்து ஓடின. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் ஒரு நோயாவது மருந்துக்குக் கட்டுப்பட்டதே.

வெயில் காலம். தொட்டியில் தண்ணீர் இறங்கும், அவள் ஊற்றுவாள். ஊற்றும்போதெல்லாம் சொம்பில் உப்பும் கரைத்தாள். விட்டால் நோய் திரும்பிவிடும் என்ற பயம்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால், தன்னைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று தம்பி கேட்கமாட்டான்.

"செடி எப்படிக்கா இருக்கு?"

"பச்சைப் பசேல்னு இருக்குடா."

முதலில் அது உண்மையாகத்தான் இருந்தது. பிறகு இலைகள் கண்ணாடிபோல் வெளுத்தன, தொட்டால் கரைகிற மாதிரி தொங்கின. பதில் மட்டும் மாறவில்லை.

(4 இருந்தது. அதில் அக்கா தனியாக அழுதாள். உங்களை அழவைக்க எழுதியது என்று பளிச்சென்று தெரிந்ததால் எடுத்துவிட்டேன்.)

5

இங்கே ஒரு சந்தேகம் உங்களுக்கு வரவேண்டும். எனக்கு வந்தது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு எங்கேயும் போகாது. போட்டது போட்டபடி உள்ளேயே கிடக்கும். மேலே மேலே போட்டால் ஏறிக்கொண்டே இருக்கும். தண்ணீரை மொண்டு வெளியே கொட்டினால்தான் குறையும். காலமெல்லாம் அடுப்படியில் நின்றவளுக்கு இது தெரியாதா? கதாபாத்திரத்துக்குச் சமையல் வேலை கொடுத்தது தவறு என்று அவளை வீட்டு வேலையோ தையல் வேலையோ பார்க்க அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அனுப்பவில்லை. உப்பு என்று நினைத்திருந்தால் அவள் கை தானாக நின்றிருக்கும். அவளோ மருந்து என்று நினைத்தாள். தம்பிக்கு மாத்திரை கொடுத்துப் பழகிய கை அது. மருந்தை வேளை தவறவிட்டால் என்ன ஆகும் என்று அவளை அதட்டி அதட்டிச் சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் விடுதியில் பருப்பு அடுப்பிலேயே கிடந்துவிட்டது. பரிமாறுகிறவர் நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா, உப்பாக் கரிக்குது?"

"வத்திப்போச்சு. கரிக்காம என்ன பண்ணும்?" என்று சொன்னவள், கரண்டியோடு அப்படியே நின்றாள்.

வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தபோது செடிகள் அழுகித் தண்ணீர் பழுப்பாகியிருந்தது. நோய் தீர்ந்த மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அப்போதுதான் முதல்முறையாக உள்ளே கையை விட்டாள். பிடித்த தண்டெல்லாம் கூழாக வந்தது.

6

ஆஸ்பத்திரியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். "இனி இங்க வச்சுப் பண்றதுக்கு ஒண்ணுமில்லம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

தம்பிக்கு அதன் அர்த்தம் தெரியும். "நல்லதாப்போச்சு. படுத்துக்கிட்டே செடியப் பாத்துட்டு இருப்பேன்," என்றான்.

7

முடிவுகள்.

அ. அக்கா கடைக்குப் போய்ப் புதுச் செடி வாங்கி நடுகிறாள். (எடுபடாது. தான் நறுக்கி நட்ட தண்டு எது என்று அவனுக்குத் தெரியாதா?)

ஆ. அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அவன் அவள் கையைப் பிடித்து, "போனாப் போகுதுக்கா," என்கிறான். (எழுதி முடித்ததும் எனக்கே கோபம் வந்தது. சாகப்போகிறவன் எல்லாரையும் மன்னித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?)

இ. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். மிச்ச நாளெல்லாம் அவளோடு ஒரு வார்த்தை பேசு

(முடியவில்லை.)

ஆகவே நான் எழுதக்கூடியது இவ்வளவே. தூக்கிவந்தவர்கள் தம்பியைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் போய்விட்டார்கள். அவன் மூச்சு வாங்கி வாங்கித் தலையைத் தொட்டிப் பக்கம் திருப்புகிறான். அக்கா தொட்டிக்கு முன்னால் நிற்கிறாள். முந்தானையை விரித்துப் பிடித்திருக்கிறாள். எவ்வளவு விரித்தாலும் கண்ணாடியின் இரண்டு ஓரமும் தெரிகின்றன.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லேன்."

அவள் நகரவில்லை. அவளை நகர்த்த ஒரு வரி போதும், எனக்கும் தெரியும். ஆனால் இவ்வளவு தூரம் வந்த நீங்களும் இப்போது அந்த அறையில்தான் நிற்கிறீர்கள். நகரச் சொல்வதாக இருந்தால் நீங்களே சொல்லுங்கள். என்னால் ஆகாது.