மூடுபனியில் இருபது நிமிடம்

உடை மாற்றும் அறையில் பாட்டு காதைக் கிழித்தது. பாட்டிலைக் குலுக்கி ஆளாளுக்குத் தலையில் பீர் அபிஷேகம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இன்வர்லாதன் அத்லெட்டிக் கால்பந்து கிளப் பிழைத்துவிட்டது. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் போட்டு ஜெயித்து, லீக்கின் அடிமட்டப் பிரிவில் கடைசி இடத்திலிருந்து ஒரு படி மேலே வந்துவிட்டது. ஒரு புள்ளிதான் வித்தியாசம். கடைசி இடம் இப்போது பக்கத்து ஊரான ஸ்ட்ராத்பெல்லுக்கு. கீழே உள்ள வட்டார லீக்குகளில் முதலில் வந்த அணியோடு இனி அவர்கள்தான் இரண்டு ஆட்டம் மோத வேண்டும். தோற்றால் லீக்கை விட்டே வெளியே.

மேலாளர் லார்ன் பெட்டிக்ரூ மூலையில் உட்கார்ந்து, ஆறிப்போன மாட்டிறைச்சிச் சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“பாஸ், கொஞ்சம் சிரிங்க! பொணம் மாதிரி உக்காந்திருக்கீங்க” என்றான் கேப்டன் முயர். வாரநாட்களில் அவன் தபால்காரன்.

“சிரிச்சிட்டுத்தான் இருக்கேன்.”

“டேய், இதுதான் பாஸோட சிரிப்பாம்! போட்டோ எடுத்து வைங்கடா!”

அறையே கைகொட்டியது. லார்ன் கையை உயர்த்திக் காட்டினார். உள்ளே எதுவும் அசையவில்லை.

எப்போதும் இப்படி இருந்தவரில்லை. பதினேழு வயதில் இதே ஊர் மைதானத்தில் தடுப்பாட்டக்காரராக இறங்கினார். பதினான்கு வருஷம் ஆடினார். நடுவில் ஒரே ஒரு பருவம் கிளாஸ்கோவில் ஒரு பெரிய கிளப். அங்கே பெஞ்சைத் தேய்த்தபிறகு முழங்காலை உடைத்துக்கொண்டு திரும்பினார். ஆடும் காலம் முடிந்ததும் மேலாளர் வேலை. மூன்று கிளப்புகள், மூன்றிலும் வெளியேற்றினார்கள். முதல் தடவை காருக்குள் உட்கார்ந்து அழுதார். இரண்டாவது தடவை கதவை உதைத்தார். மூன்றாவது தடவை செய்தி போனில் வந்தபோது சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, மிச்சச் சுவரையும் அடித்து முடித்தார். அதன் பிறகு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுபோலவே இருந்தது. சொந்த ஊர் கிளப்புக்கு வந்து இரண்டு வருஷமாகியும் அது மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கிளப் செயலாளர் ஐனா டால்க்ளீஷ் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முப்பத்தொரு வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர். மேஜைமேல் ஆட்டப் பதிவேடு திறந்திருந்தது.

“கதவைச் சாத்திட்டு உக்காருப்பா. கெல்லன் நமக்கு எத்தனை ஆட்டம் ஆடியிருக்கான்?”

சனிக்கிழமை அந்த ஒரே கோலைப் போட்டவன் கெல்லன். வடகடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்ப்பவன். கிளப்பில் பதிவு செய்த ஆள் இல்லை. பதிவு செய்யாத ஒருவனை மூன்று ஆட்டங்கள் வரை இறக்கிப் பார்க்கலாம் என்று இந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. அணிப் பட்டியலில் அவன் பெயர்கூட இருக்காது. ‘சோதனை ஆட்டக்காரர்’ என்று மட்டும் இருக்கும். நிஜப் பெயர் செயலாளரின் பதிவேட்டில் மட்டும்தான்.

“மூணு. ஏப்ரல்ல ரெண்டு, சனிக்கிழமை ஒண்ணு.”

“பிப்ரவரி?”

லார்னுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஸ்ட்ராத்பெல்லோடு ஓர் ஆட்டம். கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து, கோல் கம்பமே தெரியாமல் போய், இருபதாவது நிமிடத்தில் நடுவர் நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் அதே ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து ஆடினார்கள். கெல்லன் அந்த இருபது நிமிடம் ஆடிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான்.

“அதான் ரத்தாயிடுச்சே.”

“ரிசல்ட் ரத்து. கார்டு, காயம், ஆள் இறங்கினது எல்லாம் கணக்குல நிக்கும். நானும் மறந்துட்டேன். நேத்து ராத்திரி விதிப் புத்தகத்தை மூணு தடவை படிச்சேன்” என்றார் ஐனா. “சனிக்கிழமை நாலாவது. மூணு புள்ளியும் போயிடும்பா. மறுபடி நாமதான் கடைசி.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“எனக்கு. இப்ப உனக்கு. பட்டியல்லதான் பேரே இல்லியே, யாரு எண்ணப் போறாங்க?” ஐனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ சொன்னா லீக்குக்கு போன் பண்றேன். வேண்டாம்னா இந்தப் புத்தகத்தை மூடி வெச்சிட்டு வீட்டுக்குப் போறேன். என்னைக் கேக்காதே. எனக்கு ரெண்டுமே தப்பாத் தோணுது.”

தனக்கும் ஏதாவது தோன்றுமென்று லார்ன் காத்திருந்தார். தோன்றவில்லை. அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது.

ஈவன் ராட்ரே. ஸ்ட்ராத்பெல் மேலாளர். ஒரு காலத்தில் லார்னுக்குப் பக்கத்தில் ஒன்பது வருஷம் தடுப்பாட்டம் ஆடியவர்.

“என்னடா, செத்த மாடே! தப்பிச்சிட்டே போல?”

“ம்.”

“‘ம்’மா? உன்னை ஜெயிக்க வெச்சதுக்கு அந்தக் கடவுளையே மாத்தணும். எங்க தலைவர் நேத்தே சொல்லிட்டார், இந்தப் போட்டியில தோத்தா மேஜையைக் காலி பண்ணுன்னு. அம்பது வயசுல நான் எங்கடா போறது? மச்சான் மீன் லாரி ஓட்டக் கூப்பிடுறான்.”

“நல்லா ஓட்டுவே.”

“வாயைக் கழுவு!” ஈவன் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. “ஆமா, சனிக்கிழமை கோல் போட்டானே ஒரு சோதனை ஆளு, அவன்தானே மூடுபனியில எங்க பசங்களை ஓட ஓட விரட்டினான்? நல்லவேளை அந்த ஆட்டம் நின்னுபோச்சு. இல்லேன்னா அன்னிக்கே நாலு கோல் வாங்கியிருப்போம்.”

எதிரே ஐனா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஈவன், அது கணக்குல வருது.”

“எது?”

“நின்ன ஆட்டம். அதையும் சேத்தா அவனுக்கு நாலு ஆட்டம்.”

 மறுமுனையில் யாரோ பந்தைச் சுவரில் அடிக்கும் ஒலி கேட்டது.

“டேய், இதை ஏண்டா எங்கிட்ட சொல்றே?”

“நீ கேட்டியே.”

“நான் அதையா கேட்டேன்? மாங்கா மடையா! சும்மா வம்படிக்கக் கூப்பிட்டேன்டா!” மூச்சு வாங்கியது ஈவனுக்கு. “இப்ப நான் என்ன பண்ணட்டும்? கேக்காத மாதிரி இருக்கறதுக்கு நான் ஒண்ணும் புனிதர் இல்ல. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு.”

“தெரியும்.”

“மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். நீயே லீக்குக்குச் சொல்லிடு. நான் சொன்னா அசிங்கமா இருக்கும்.” போன் துண்டிக்கப்பட்டது.

“போன் பண்ணிடுங்க” என்றார் லார்ன்.

“ஏம்ப்பா இப்படிப் பண்ணினே?”

நேர்மை என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. அப்படி எதுவும் தோன்றியிருக்கவில்லை. வாய் திறந்தது, வந்துவிட்டது. “தெரியல” என்றார். அதுதான் உண்மை.

மத்தியானம் தலைவர் கார்டன் லாம்ப் வந்தார். ஊரில் மூன்று ரொட்டிக் கடை வைத்திருப்பவர்.

“என் அப்பா காலத்திலேருந்து இந்த கிளப் லீக்குல இருக்குய்யா. ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?”

“இல்ல.”

“எண்ணத் தெரியல. வாயை மூடவும் தெரியல. ரெண்டுல ஒண்ணாவது தெரிஞ்சிருக்கக் கூடாதா?” லாம்பின் முகம் சிவந்திருந்தது. “அந்த ரெண்டு ஆட்டப் போட்டியை ஜெயிச்சுக் குடு. இல்லேன்னா கடைசி விசில் அடிக்கும்போதே உன் வேலையும் முடிஞ்சிடும்.”

“சரி” என்றார் லார்ன்.

வியாழக்கிழமை லீக் மூன்று புள்ளிகளையும் வெட்டியது. வட்டார லீக் அணியோடு முதல் ஆட்டம் சொந்த மைதானத்தில் சமன். இரண்டாவது ஆட்டம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தெற்கே இருநூறு மைல் தள்ளி. கெல்லன் இல்லை. முயர் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எண்பதாவது நிமிடத்தில் எதிரணி ஒன்று போட்டது. அவ்வளவுதான், கிளப் லீக்கை விட்டு வெளியே.

லாம்ப் சொன்ன சொல் தவறவில்லை. களத்தின் ஓரத்திலேயே கை கொடுத்து, “நன்றி லார்ன்” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. லார்ன் அந்தக் கையைக் குலுக்கிவிட்டு, சிதறிக் கிடந்த தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்.

ஊர் திரும்ப ஒரே பஸ்தான். பழக்கப்படி முன் சீட்டில் உட்கார்ந்தார்.  வெளியே இன்னும் வெயில் காய்ந்தது. புல்வெளிகளில் ஆடுகள் மேய்ந்தன. ஒரு மணி நேரம் கழித்து முயர் மெதுவாக முன்னால் வந்து நின்றான்.

“பாஸ், அடுத்த ஊர்ல மீன் வறுவல் கடை இருக்கு. நிறுத்தலாமா?”

தோற்ற நாளில் பஸ் எங்கும் நிற்காது. அது லார்ன் போட்ட சட்டம்தான்.

“என்னைக் கேக்காதே. நான் இப்ப யாரும் இல்ல.”

“அப்ப யாரைக் கேக்கறது?”

டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பதினெட்டுப் பேர் பின்னால் காத்திருந்தார்கள். 

“நிறுத்தச் சொல்லு. எனக்கு மீன் மேல வினிகர் அதிகமா.”

“நீங்க இறங்கலையா, பாஸ்?”

 பஸ் நின்றபோது, சீட் பெல்ட்டைக் கழற்ற மறந்து லார்ன் எழுந்திருக்கப் பார்த்தார். முயர் குனிந்து கழற்றிவிட்டான்.