அறாத கண்ணி

நெசவு வேலைக்காரன் கையில் மிச்ச நூல் இருந்தால் சும்மா இருக்க மாட்டான். எதையாவது முறுக்குவான், எதையாவது முடிச்சுப் போடுவான். கதிர்வேல் மட்டும் அந்த வாரம் சும்மா இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை தென்னேரியில் ஒரு வம்பும் வந்திருக்காது.

பிள்ளையார்பாளையத்தில் அவன் வீட்டுத் தறியில் ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. பெண் வீட்டார் போன் மேல் போன் போட்டு எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டபடி இருந்தார்கள். மனைவி கலாவதி, இந்த ஒரு ஞாயிறாவது தறியில் உட்காரக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தாள். வாரமெல்லாம் தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்காருகிறவன் ஒரு நாளாவது காட்டைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்பது கதிர்வேலின் கட்சி. காடு என்றால் பெரிய காடு இல்லை. ஏரிக்குப் பின்னால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் மேடு, அவ்வளவுதான். அங்கே கவுதாரி உண்டு. கவுதாரி பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் விடிவதற்குள் போய்விடுவான்.

கூட்டாளி முருகேசன் தென்னேரிக்காரன். நெல் போடுகிறவன், கதிர்வேலின் வயதுதான். தங்கை கல்யாணத்துக்குப் புடவை நெய்யச் சொல்லி வந்த இடத்தில் பழக்கமாகி, வேட்டையில் போய் முடிந்தது. வேட்டை முருகேசனின் குடும்பத்தில் அப்பன் பாட்டன் காலத்துப் பழக்கம்.

அவர்கள் பிடிக்கிற விதம் இதுதான். கதிர்வேல் குஞ்சிலிருந்து வளர்த்த கவுதாரிச் சேவல் ஒன்று உண்டு. அதை மூங்கில் கூண்டோடு மேட்டில் வைப்பார்கள். சுற்றிலும் சுருக்குக் கண்ணிகளை முளைக்குச்சியில் கட்டி நட்டுவிட்டுப் புதருக்குள் ஒளிந்துகொள்வார்கள். கூண்டுச் சேவல் கத்தும். என் இடத்தில் வந்து கத்துகிறவன் எவன் என்று காட்டுச் சேவல் சண்டைக்கு ஓடி வரும். வந்த வேகத்தில் கண்ணிக்குள் காலை வைத்துவிடும்.

முருகேசனின் கண்ணிகள் குதிரை வால் முடியில் திரித்தவை. மகாபலிபுரம் போகும்போதெல்லாம் கடற்கரையில் குதிரை ஓட்டுகிறவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி முடி வாங்கி வருவான். கதிர்வேலுக்கு அது பெரிய தமாஷ். வீடு நிறையப் பட்டு இருக்கும்போது குதிரை வாலுக்கு ஏன் அலைய வேண்டும்? தறிப் பாவில் மிஞ்சிய அரக்கு நிறப் பட்டு நூலை எடுத்து, இழை மேல் இழை சேர்த்து முறுக்கி, கஞ்சி போட்டு விறைப்பாக்கி, அழகழகாகக் கண்ணி கட்டி எடுத்து வந்திருந்தான்.

"யானை மாட்டினாலும் அறாது பா," என்றான்.

முருகேசன் ஒன்றை இழுத்துப் பார்த்தான். "யானைக்கு இங்க இன்னா வேலை?" என்றான். கூட்டாளியின் ஆசையைக் கெடுப்பானேன் என்று அதோடு விட்டுவிட்டான். அன்றைக்குப் பட்டுக் கண்ணிகளையே நட்டார்கள்.

சேவல் நன்றாகத்தான் கத்திக்கொண்டிருந்தது. தூரத்தில் பதில் குரலும் கேட்டது. திடீரென்று பாதிக் கத்தலில் நிறுத்திவிட்டு, கூண்டுக்குள் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. இதற்கு என்ன வந்தது என்று கதிர்வேல் தலையைத் தூக்குவதற்குள் மேலிருந்து என்னவோ விழுந்தது. கூண்டு உருண்டது. புழுதி அடங்கியபோது கூண்டின் மேல் ஒரு ராஜாளி நின்றுகொண்டு மூங்கில் பத்தைகளுக்கு நடுவே காலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது.

கதிர்வேலுக்கு முதலில் வந்தது கோபம். "என் பறவை மேலயா கை வெக்கிற?" என்று கத்திக்கொண்டே கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தனக்குச் சொந்தமில்லாத பறவையைப் பிடிக்கத்தான் தானும் வந்திருக்கிறான் என்பது அப்போது அவன் நினைவில் இல்லை. ராஜாளி இறக்கையை விரித்து எழும்பியது. ஒரு முழம் எழும்பிப் பொத்தென்று விழுந்தது. மறுபடி எழும்பியது, மறுபடி விழுந்தது. அதன் மஞ்சள் காலில் அரக்குப் பட்டு இறுகியிருந்தது.

கதிர்வேல் கல்லைக் கீழே போட்டான்.

முருகேசன் ஓடி வந்து பார்த்தான். முகம் செத்துவிட்டது. "அறுத்துக்கினு போயிருக்கணும்பா இது."

"எப்படி அறும்? நான்தான் சொன்னேனே."

"குதிரை முடின்னா அறுந்துடும். கவுதாரிக்குத் தாங்கும், அத்தவிடப் பெருசு மாட்டினா பட்டுனு அறுந்துடும். அதுக்குத்தான பா குதிரை முடி! எங்க அப்பன் காலத்துல இருந்து எங்க கண்ணியில ஒரு ராஜாளி மாட்டினதில்ல."

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"இது கூடவா தெரியாதுன்னு நெனச்சேன்."

அறாத நூலைத் தவிர வேறு எதையும் நல்ல நூல் என்று கதிர்வேல் வாழ்க்கையில் நினைத்ததில்லை. அறுவதற்கென்றே ஒருவன் நூல் திரிப்பான் என்று யார் கண்டது?

முருகேசன் மடக்குக் கத்தியை எடுத்தான். "கவுத்த அறுத்து உட்டுடலாம். பறந்து போவட்டும்."

"வேணாம். சுருக்கு கால்லயே இருக்குது, பார். நூல் தொங்கிக்கினே போவும். எந்த முள்ளுலயாவது மாட்டிக்கினு தலைகீழா தொங்கியே சாவும். இந்த நூல் மக்கறதுக்குள்ள அது எலும்பாயிடும்."

"அப்ப கழுத்தத் திருப்பிடறேன். ஒரு நிமிசத்துல முடிஞ்சுடும்."

"நான் அவுக்கறேன்," என்றான் கதிர்வேல்.

முருகேசன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "அது நகம் பாத்தியா? கை போச்சுன்னா தறி போச்சு. புடவை பாதியில நிக்குது. கலாவதிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

கதிர்வேலுக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. அவன் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த வலது கையால்தான். ஆனாலும் அந்த முடிச்சு அவன் போட்ட முடிச்சு. அதை இன்னொருவன் கத்தி தீர்த்து வைப்பதை நின்று பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை.

குளிருக்குக் கொண்டு வந்த போர்வையை முருகேசன் பறவையின் மேல் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டான். கதிர்வேல் மண்டியிட்டு, கட்டுண்ட காலை வெளியே எடுத்தான். இழை செதிலுக்குள் புதைந்திருந்தது. நகத்தின் நுனியால் ஒவ்வொரு புரியாகக் கிளப்பினான். பாவில் சிக்கு விழுந்தால் எடுப்பானே, அதே பொறுமைதான். கடைசியில் சுருக்கு தளர்ந்து வளையமாகக் கழன்று விழுந்தது. "வந்துடுச்சு!" என்று அவன் நிமிர்ந்த நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து மற்றக் கால் வெளியே வந்து அவன் வலது கையைப் பிடித்தது.

பின்நகம் பெருவிரலின் அடிச்சதையில் இறங்கிவிட்டது. அவன் அலறிக்கொண்டு கையை இழுத்தான். பிடி இறுகியது. இன்னும் இழுத்தான், இன்னும் இறுகியது. ரத்தம் முழங்கைக்கு ஓடியது.

"கால ஒடிச்சிடறேன்!" முருகேசன் கத்தியைத் திருப்பிப் பிடித்தான்.

"வேணாம், இரு! நான் இழுத்தாதான் இறுக்குது." கதிர்வேலுக்குப் பல் கிட்டியது. "நீ மெதுவா கைய எடு. போர்வையையும் எடு. தள்ளிப் போ."

"பைத்தியமா உனக்கு?"

"போ பா."

முருகேசன் போர்வையை எடுத்துக்கொண்டு பின்வாங்கினான். ராஜாளி புழுதியில் நிமிர்ந்து நின்றது. ஒரு கால் மண்ணில், ஒரு கால் கதிர்வேலின் கையில். அவன் அப்படியே சாய்ந்து மண்ணில் படுத்தான். விரல்களைத் தளர்த்தினான். வலியில் தானாகத் துடிக்கிற சதையைத் துடிக்காதே என்று கெஞ்சினான். செத்த பிராணி எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடந்தான்.

பறவையின் மஞ்சள் கண் மிக அருகில் இருந்தது. அதில் கோபமும் இல்லை, பகையும் இல்லை. அவன் அசைகிறானா என்று மட்டும் பார்த்தது. முதலில் கதிர்வேல் புடவையை நினைத்தான், கலாவதியை நினைத்தான். பிறகு எதையும் நினைக்கவில்லை. விட்டுவிடு, விட்டுவிடு என்று அந்த ஒரே சொல்தான் உடம்பு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. வாய் திறந்து சொல்லவும் பயம். மூச்சைக்கூடச் சின்னதாக விட்டான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நகம் தளர்ந்தது. அப்புறம் இன்னொன்று. பின்நகம் வெளியே வரும்போது உள்ளே போனதைவிட அதிகமாக வலித்தது, அப்போதும் அவன் அசையவில்லை. ராஜாளி இரண்டடி தத்தி, இறக்கையை அடித்துக்கொண்டு எழும்பி, ஏரிப் பக்கம் போய்விட்டது.

முருகேசன் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டான். "பெருவிரல மடக்கு, பாப்போம்." மடங்கியது. வலியில் உயிர் போயிற்று, ஆனால் மடங்கியது. முருகேசன் மேலே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். கொஞ்ச நாள் தறி ஏற முடியாது, ஊசி போட வேண்டும், வீட்டில் வசவு விழும். ஆனால் கை தப்பித்தது. கதிர்வேல் சிரித்துக்கூட விட்டான்.

கூண்டு கவிழ்ந்த இடத்திலேயே கிடந்தது. சேவலுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க அவன் இடது கையை உள்ளே விட்டான். சேவலுக்குக் காயம் எதுவும் இல்லை. அவன் விரல்கள் சுற்றி வளைத்ததும் அது கொஞ்சமும் அசையாமல் கிடந்தது. நெஞ்சு மட்டும் அவன் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. பறவையின் மூச்சு சின்னச் சின்னதாக வந்தது.

"பாரேன், உன் கை பட்டா எப்படி அடங்கிடுது," என்றான் முருகேசன். "இன்னா பாசம் அதுக்கு."

கதிர்வேலும் அதைத்தான் தெருவில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறான்.

"பாசம் இல்ல பா," என்றான். "நான் எப்ப விடுவேன்னு பாத்துக்கினு இருக்குது."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கை வலிதான் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முருகேசன் தண்ணீர் பாட்டிலை எடுக்க, மேட்டடியில் நிறுத்தியிருந்த வண்டிப் பக்கம் போனான்.