ஏணி எட்டிய கிளைகள்

லூயிஸுக்குக் குவாரியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்த நாளிலிருந்தே மனுஷனுக்குப் பார்வை மாறிவிட்டது என்று கெர்ட்ரூட் நினைத்தாள். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவிய காலத்தில் அண்ணாந்து பார்த்த அதே சுண்ணாம்பு மலையை, இப்போது கறிக்கடைக்காரன் ஆட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது மலை இல்ல கெர்ட்டி, சிமெண்டு லா. ஈப்போ முழுக்க மாடி வீடு வரப்போவுது. வளர்ச்சின்னா இதான்."

'வளர்ச்சி' என்பதைக் கோயிலில் ஆமென் சொல்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கெர்ட்ரூட் அப்போது, துவைத்துக் காயப்போட்ட அவர் சட்டையிலிருந்து வெள்ளைப் புழுதியை உதறிக்கொண்டிருப்பாள்.

எழுபத்தெட்டாம் வருஷம், மலையடிக் குகையை வெடிமருந்துக் கிடங்காக்கக் குவாரி முதலாளியான சீனத் தவுக்கே முடிவு செய்தார். குகை நிறைய வௌவால்கள். லூயிஸ் தானாகவே முன்வந்து, பழைய லாரி டயர்களைக் குகை வாயில் அடுக்கிக் கொளுத்தினார். புகை அடங்க நாளாயிற்று. செத்து விழுந்தவற்றைக் கூடைகூடையாக அள்ளிக் கொட்டினார்கள். தப்பியவை திரும்பி வரவில்லை. தவுக்கே லூயிஸின் தோளைத் தட்டிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் அந்தத் தோளில் தண்ணீர் படாமல்தான் குளித்திருப்பார் என்பது கெர்ட்ரூடின் சந்தேகம்.

வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய டுரியான் மரங்கள் நின்றன. பக்கத்துச் சிலிபினில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தாவூத், பருவம் தவறாமல் வேன் கொண்டுவந்து பழங்களை ஏற்றிப்போவார். வௌவால் போன பிறகு வந்த பருவத்தில் மரங்கள் கொத்துக்கொத்தாகப் பூத்தன. அத்தனையும் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தன.

லூயிஸ் உரம் போட்டார், மருந்து அடித்தார். மறுபருவமும் தரையெல்லாம் பூதான். மழை சரியில்லை, மரத்துக்கு வயசாகிவிட்டது, ஊர்க்கண் பட்டுவிட்டது என்று அவர் சொன்ன காரணங்களில் குவாரி மட்டும் வரவில்லை.

வெறும் வேனோடு நின்ற தாவூத்தான் விஷயத்தைச் சொன்னார். "தாப்பா பக்கமும் இப்படித்தான்க்கா. விவசாய இலாகா ஆளு வந்து பாத்தாரு. டுரியான் பூ பொழுது சாஞ்சுதான் விரியுமாம். வௌவாலு வந்து தேன் குடிச்சாத்தான் காய் புடிக்குமாம்."

கெர்ட்ரூட் கணவன் பக்கம் திரும்பினாள். சிரிப்பு வந்தது, அதில் சந்தோஷம் இல்லை.

"கேட்டீங்களா? நமக்கு உழைச்சதுங்களத்தான் பொகை போட்டுக் கொன்னிருக்கீங்க."

"வௌவால நம்பியா இந்தக் காலத்துல வெவசாயம்?" என்றார் லூயிஸ். "எல்லாத்துக்கும் நவீன வழி இருக்கு லா. பிரஷ்ஷால மகரந்தத்தத் தடவிவிட்டா முடிஞ்சுது."

"அப்ப நீங்களே ஏறுங்க."

அடுத்த பருவம் மரம் பூத்ததும் ஏறினார். பொழுது சாயும் நேரம், தலையில் குவாரியின் மஞ்சள் தொப்பி, வாயில் கவ்விய பெயிண்ட் பிரஷ். எதிர்வீட்டு ராக்காயியும் அவள் மருமகளும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். சிவப்பெறும்பு கடித்து லூயிஸ் துள்ளும்போதெல்லாம் ஏணி ஆடியது.

"அந்தக் கொப்ப விட்டுட்டீங்க," என்று கெர்ட்ரூட் கீழிருந்து கத்தினாள். "வௌவாலு விடாது. தொப்பியும் கேக்காது."

ஏணி எட்டிய கிளைகளில் மட்டும் சில காய்கள் நின்றன. அவை பழுத்து விழுந்ததும் லூயிஸ் தவுக்கேயை வீட்டுக்கு அழைத்தார். "விஞ்ஞான முறையில வெளஞ்சது தவுக்கே," என்று மலாய் மொழியில் பெருமையடித்தார். "வௌவாலே தேவையில்ல."

கெர்ட்ரூட் பழத்தைப் பிளந்து சுளைகளைத் தட்டில் வைத்தாள். தவுக்கே கையை நீட்டினார். அவள் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மலையையே தின்னுக்கிட்டு இருக்கீங்க தவுக்கே," என்றாள் அவளும் மலாயில். "இது எதுக்கு உங்களுக்கு? இது ஏணி புடிச்சவங்களுக்கு."

தட்டோடு எதிர்வீட்டுக்கு நடந்தாள். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று லூயிஸ் மன்னிப்புக் கேட்பது பின்னால் கேட்டது. ராக்காயி ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்ல இனிப்புக்கா."

"நெதானமா தின்னுங்க," என்றாள் கெர்ட்ரூட். "அடுத்த வருசம் அவருக்கு முட்டி வலி வந்துரும்."