அந்தரத்தில் தொங்கும் வேர்

செக்கிங் யாரையும் நம்பமாட்டார். பஸ் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்த காலத்தில், அடுத்தவன் முடுக்கின நட்டைத் தானும் ஒரு தடவை முடுக்கிப் பார்க்காமல் வண்டியை வெளியே விட்டதில்லை. அதனால் வந்த பெயர். ஆள் ரிட்டையர் ஆகியும் பெயர் ரிட்டையர் ஆகவில்லை.

மகளுக்குப் பிரசவம் என்று மனைவி கிளம்பினாள். பால்கனியில் தொங்கிய வாண்டா ஆர்க்கிட்டைக் காட்டிச் சொன்னாள்:

"காலையில வேரு நனையத் தெளிங்க, பொழுது சாயறதுக்குள்ள காயட்டும். நாலு வருஷமா வளர்க்கிறேன், இப்பதான் முதமுதல்ல மொட்டு விட்டிருக்கு. உங்க கை மட்டும் அதுமேல படவேணாம்."

அவள் தலை மறைந்ததும் செக்கிங் செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மரச்சட்டக் கூடையில் ஒரு பிடி மண் இல்லை. வேரெல்லாம் சாட்டை மாதிரி வெளியே தொங்கின.

'மண்ணே குடுக்காம ஏமாத்தியிருக்கா அந்த நர்சரிக்காரி. வேரு அந்தரத்துல தொங்கினா எந்தச் செடி பிழைக்கும்?'

பெரிய தொட்டி வாங்கிவந்தார். வேர்களை மடக்கி உள்ளே திணித்தார். மண்ணைப் போட்டு, பழைய பழக்கத்தில் கட்டைவிரலால் சுற்றிலும் இறுக்கினார். தினம் ஒரு சொம்பு தண்ணீர். அடி இலை மஞ்சளானது. இரண்டு சொம்பாக்கினார். மொட்டு கருகி விழுந்தது.

மனைவி வீடியோவில் வந்தாள். "பேத்தியைப் பாத்தாச்சுல்ல, என் செடியைக் காட்டுங்க."

"வெளிச்சம் இல்ல."

"பட்டப்பகல்லயா?"

"நெட்டு சரியில்ல" என்று போனை வைத்தார். திருடனுக்குத் தேள் கொட்டின கதை.

தொட்டியோடு நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரி ஒரு வேரைப் பிடித்து உருவினாள். தோல் வழுக்கிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் நின்றது.

"காத்துல வாழற செடியை உயிரோட புதைச்சிருக்கீங்களே பெரியவரே!"

"சரி சரி. இதே மாதிரி ஒண்ணு குடு. பூவோட."

"தாராளமா. எனக்கு வியாபாரம்தானே? உங்க வீட்டம்மா கண்டுபிடிக்காம இருந்தா சரி."

பூத்துத் தொங்கிய ஒன்றை எடுத்து நீட்டினாள். செக்கிங் கை நீட்டினார். நீட்டின கை பாதியில் நின்றது. டூப்ளிகேட் பார்ட்டை மாட்டிவிட்டு ஒரிஜினல் என்று சொன்னவனை ஷெட்டை விட்டே விரட்டின ஆள் அவர்.

"வேணாம். இதையே பிழைக்க வை."

அழுகினதை எல்லாம் வெட்டினாள். மூன்று வேர்தான் கெட்டியாக மிஞ்சியது. வெட்டின இடத்தில் லவங்கப்பட்டைத் தூள் தடவி, வேறொரு மரச்சட்டக் கூடையில் உட்காரவைத்தாள்.

"வேரு வெளுத்திருந்தா தாகம். நனைஞ்சு பச்சையாயிட்டா போதும், விட்டுடுங்க. காசெல்லாம் வேணாம், போங்க."

காசு வேண்டாம் என்கிறவளை எப்படி நம்புவது என்று வழியெல்லாம் யோசித்தார். ஆனாலும் அவள் சொன்னபடிதான் செய்தார். தெளித்துவிட்டு, கை சும்மா இருக்காது என்று தெரிந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாதம் ஒன்றாயிற்று. செடி சாகவில்லை. அதற்குமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மனைவி வந்தாள். பையைக்கூட இறக்காமல் நேரே பால்கனிக்குப் போனாள்.

"மண்ணுல வெச்சீங்களா?"

"ஆமா."

"இறுக்குனீங்களா?"

"…ஆமா."

"மொட்டு?"

"போச்சு. புதுசு வாங்கி மாட்டிரலாம்னு பாத்தேன். மனசு வரல."

அவள் செடியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டினாலாவது பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு. இலை இலையாக விலக்கிப் பார்த்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"இங்க வாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு."

இரண்டு இலைக்கு நடுவில், தண்டைப் பிளந்துகொண்டு, தீக்குச்சித் தலை அளவுக்குப் பச்சையாக ஒன்று எட்டிப்பார்த்தது.

"மொட்டா?"

"வேரு. புது வேரு. இது வந்துட்டா பூ பின்னாலேயே வரும்."

செக்கிங்கின் விரல் தானாக அங்கே போனது. பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"கெட்டியா இருக்கான்னு பாக்கத்தான்…"

"அதுக்கே தெரியும்."

தெளிக்கிற பாட்டிலை எடுத்து அவர் கையில் திணித்தாள். "நாளையிலேருந்தும் நீங்களே தெளிங்க."

"என்னை நம்பியா?"

"செடியை நம்பி" என்றாள் அவள்.