பனியன் தின்னும் மண்

குழி காலியாக இருந்தது.

நுஸைபா மண்கரண்டியைப் போட்டு இன்னும் ஒரு சாண் தோண்டிப் பார்த்தாள். மண் வந்தது. நெளிந்துகொண்டே இரண்டு மண்புழு வந்தன. பாதி மக்கிய வேப்பங்குச்சி ஒன்று வந்தது. வரவேண்டிய பனியன் மட்டும் வரவில்லை.

“அக்கா, பனியனைக் காணோம்.”

வினோலியா குழியைப் பார்க்கவில்லை. நேராகப் புருஷன் சார்லஸைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள். திருடனைப் பார்ப்பது மாதிரி பார்ப்பது இதுதான் முதல் தடவை.

விவகாரம் பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்தது.

தாடிக்கொம்பை ஒட்டிய அந்த மல்லிகைத் தோட்டத்தின் நடுவே ஒரு வரப்பு. வரப்புக்குத் தெற்கே சார்லஸின் ஆட்சி. யூரியா, களைக்கொல்லி, வாரம் தவறாத மருந்தடிப்பு. செடிக்கு அடியில் ஒரு புல் முளைக்காது. கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி மண் பளிச்சென்று கிடக்கும். வடக்கே வினோலியாவின் ஆட்சி. ஆட்டுக்கிடை போட்டு, அதன்மேல் கவாத்துக் குச்சி, வேப்பஞ்சருகு, தென்னை நார்க்கழிவு என்று அகப்பட்டதையெல்லாம் பரப்பி, மண்ணே வெளியே தெரியாமல் மூடி வைத்திருந்தாள். தண்ணீர் மட்டும் இரண்டுக்கும் ஒரே கிணறு, ஒரே சொட்டுநீர்க் குழாய்.

“குப்பைமேட்டுல பூப்பறிக்கிறவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்” என்பான் சார்லஸ்.

“உங்க மண்ணுல ஒரு புழு உண்டா? கல்லறைத் தோட்டத்துலகூட நாலு புழு இருக்கும்” என்பாள் வினோலியா.

ஒரே தோட்டத்தை இரண்டு விதமாகப் பார்த்து இருவருக்குமே அலுத்துவிட்டது. அடுத்த மழைக்குள் மொத்தத்தையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு. எந்த முறைக்கு என்பதில்தான் தினம் ஒரு ரகளை.

அந்தச் சமயத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் நுஸைபா. திண்டுக்கல்காரி. மண்ணின் ஆரோக்கியத்தை ஆராய்ச்சி செய்பவள். வத்தலக்குண்டுப் பக்கம் தென்னந்தோப்பு, எரியோட்டுப் பக்கம் முருங்கைக் காடு, அங்கங்கே மேய்ச்சல் தரிசு என்று, எந்த நிலத்தை மனுஷன் என்ன பாடு படுத்தியிருக்கிறான் என்பதை அளந்துகொண்டு திரிபவள். லேப் சோதனை ஒரு பக்கம் இருக்க, அவளிடம் வேடிக்கையான சோதனை ஒன்றும் இருந்தது.

“சுத்தமான பருத்தித் துணியைப் புதைச்சு வைப்போம், அண்ணே. மண்ணுல உயிர் இருந்தா துணியைத் தின்னுரும். இல்லாட்டி துணி அப்படியே கிடக்கும். ரெண்டு மாசம் போதும்.”

“அட, இம்புட்டுத்தானா! அப்ப என் பனியனைப் புதைங்க. எந்தப் பக்கத்து மண்ணு நல்லாத் தின்னுதோ, அந்தப் பக்கம் சொல்றபடி தோட்டம். என்ன வினோ?”

“பேச்சு மாறக் கூடாது.”

“மாறினா என் பேரு சார்லஸ் இல்ல.”

ஒரே பெட்டியிலிருந்து மூன்று புதுப் பனியன்கள். ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே, ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்துத் தரிசில். மண்ணுக்குள் மை அழிந்துபோகும் என்பதால் நுஸைபா ஒவ்வொன்றிலும் சிவப்பு நைலான் கயிறு கட்டி முடிச்சுப் போட்டாள். தரிசுக்கு ஒரு முடிச்சு. சார்லஸுக்கு இரண்டு. வினோலியாவுக்கு மூன்று.

“நாய் கீய் இழுத்துட்டுப் போயிட்டா?” என்று அன்றைக்குக் கேட்டவள் வினோலியா.

“அந்தப் பக்கம் தோத்ததா அர்த்தம்” என்று அன்றைக்குச் சொன்னவன் சார்லஸ்.

அந்த ஒற்றை வரிதான் இப்போது அவன் கழுத்தைப் பிடித்திருந்தது.

காலையில் முதலில் தரிசுப் பனியனைத் தோண்டினார்கள். எலி கடித்தாற்போல் அங்கங்கே ஓட்டை. அடுத்து சார்லஸின் பக்கம். மண்ணை உதறியதும் பனியன் முழுசாக வந்தது. கை நுழையும் இடம், கழுத்து, கம்பெனி லேபிள், எல்லாம் பத்திரம். துவைத்துப் போட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகலாம். மூன்றாவது குழி காலி.

“உன் மண்ணு அகோரப் பசியில முழுசா முழுங்கிருச்சுபோல” என்று சிரித்துப் பார்த்தான்.

“தையல் நூலு பாலியஸ்டர், அண்ணே. கயிறு நைலான். அதையெல்லாம் எந்த மண்ணும் தின்னாது” என்றாள் நுஸைபா மெதுவாக. “யாரோ எடுத்திருக்காங்க.”

“நேத்து சாயங்காலம் தண்ணி பாய்ச்ச வந்தது யாரு?” என்றாள் வினோலியா.

“நான்தான். அதுக்கு?”

“ஒண்ணுமில்லை.”

“ஏம்மா, நானா எடுத்தேன்கிற?”

“நான் அப்படிச் சொன்னேனா? நீங்க போட்ட சட்டப்படி நான் தோத்துட்டேன். தோட்டத்தை நீங்களே பாருங்க. இந்தச் சருகையெல்லாம் வாரி எரிச்சுருங்க.” சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியவள், போகிறபோக்கில் வானத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிற அந்தோணியாரே! எடுத்தவன் யாரா இருந்தாலும் நீங்களே பாத்துக்கங்க!”

மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சார்லஸ் ஜெயித்துவிட்டான். தோட்டம் மொத்தமும் அவன் கையில். ஆனால் இனி ஒவ்வொரு நாளும் வட்டிலில் சோறு விழும்போது அந்தப் பார்வையும் சேர்ந்து விழும். திருடன் என்ற பேரோடு ஜெயிப்பதைவிட, நல்ல பேரோடு தோற்றுத் தொலைக்கலாம்.

பனியனைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். கண்டுபிடித்தால் அவன் தோற்பது உறுதி. இருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும்.

குழி ஓரத்தில் குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்தான். நாய் பறித்திருந்தால் மண் நாலாபுறமும் சிதறியிருக்கும். இங்கே மண்ணைத் திரும்பத் தள்ளி, சருகையும் பழையபடி பரப்பியிருந்தார்கள். குழியின் விளிம்பில் குறுகலாக வெட்டுத்தடம். மண்வெட்டித் தடம் அல்ல. களைக்கொத்து.

சருகை விலக்கினான். கறுப்பாக, உருண்டையாக, ஏதோ ஒன்று விரலில் தட்டுப்பட்டது. இன்னொன்று. பக்கத்திலேயே வெள்ளை வெள்ளையாகப் பரல்கள். ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தான்.

“உப்பு!”

“உப்பா?” என்று பதறிக்கொண்டு வந்தாள் நுஸைபா. “போச்சு, இந்தக் குழி மண்ணை இனி லேபுக்கு எடுக்க முடியாது. தள்ளித்தான் எடுக்கணும். அந்தக் கறுப்பு என்னது?”

“மிளகு.”

“உப்பும் மிளகுமா? யாராச்சும் இங்க உக்காந்து அவிச்ச முட்டை தின்னாங்களாண்ணே?”

சார்லஸின் மூளை படபடவென்று ஓடியது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அந்தோணியார் நவநாள், அவருக்கான ஜெப நாள். செய்வினை, கண்ணேறு என்று பயந்தவர்கள் உப்பும் மிளகும் கொண்டுபோய் அவர் காலடியில் கொட்டுகிற நாள். நேற்று வடக்குப் பக்கம் களைக்கொத்தோடு இருந்தது ஒரே ஒரு ஆள்.

“அடியாத்தீ... ஆரோக்கியம்மா பெரியம்மா!”

பைக் உறுமியது.

ஆரோக்கியம்மாள் சார்லஸுக்கு ஊர் முறையில் பெரியம்மா. தோட்டத்தில் பூவெடுக்கவும் களை கொத்தவும் வருகிறவள். வீடு பூட்டியிருந்தது. சார்லஸ் பைக்கை நிறுத்தாமலே திருப்பினான்.

ஊர் எல்லையில் அந்தோணியார் கெபி, குகை மாதிரி கட்டிய சின்னக் கோயில். சொரூபத்தின் காலடியில் உப்புப் பொட்டலங்கள் குவிந்திருந்தன. எதிரே முழங்காலில் நின்று, கண்ணை இறுக மூடி, உதடு துடிக்க வேண்டிக்கொண்டிருந்தாள் ஆரோக்கியம்மாள். அவள் கையில் ஒரு மஞ்சள் பை.

“பெரியம்மா!”

கண்ணைத் திறந்தவள் ஓவென்று குரலெடுத்தாள். “ஏலே சார்லசு! புனிதர் உன்னையக் கையோட கூட்டியாந்துட்டாரே! அப்பு, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“எனக்கு என்ன?”

“உனக்கு எவனோ வச்சுட்டான்யா!” குரலைத் தாழ்த்தினாள். “நேத்து களை கொத்துறேன், கொத்துல மாட்டுது செவப்புக் கயிறு. இழுத்தா ஆம்பளை பனியனு! அதுவும் எலும்புக்கூடாட்டம். கயித்துல மூணு முடிச்சு! எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு. வீட்டுக்கு ஓடி உப்பு மிளகு எடுத்தாந்து குழியில போட்டு மூடிட்டேன். ராத்திரி பூரா வீட்டுக்குள்ள வைக்கல, முருங்கை மரத்துலதான் கட்டித் தொங்கவிட்டேன். விடிஞ்சதும் நேரா இங்க வந்துட்டேன்.”

“ஏன் பெரியம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா வினோலியா பயந்துக்குவா. பச்சை மனசு.”

பச்சை மனசுக்காரி மோட்டார் ரூமுக்குள் என்ன கொதி கொதித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது சார்லஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். ஆரோக்கியம்மாள் வாயைப் பிளந்தாள்.

“மண்ணைச் சோதிக்கப் புதுப் பனியனையா புதைச்சீக? ஏலே, மண்ணு நல்லாருக்கான்னு எங்கிட்டக் கேட்டாச் சொல்ல மாட்டேனா? வடக்கால கொத்து தானா இறங்குது. உன் பக்கம் கொத்துனா கைதான் வலிக்குது.”

“அதை இத்தனை நாளாச் சொல்லலையே!”

“நீ எங்க கேட்ட? நீ பேசுவ, நாங்க கேப்போம்.”

சார்லஸ் கையை நீட்டினான். பையை மார்போடு அணைத்துக்கொண்டாள் அவள்.

“புனிதருக்குன்னு கொண்டாந்ததைத் திருப்பி எடுக்கிறதா? சும்மா தர மாட்டேன். முட்டி போடு. ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லு. அப்புறம் எடுத்துக்க.”

சார்லஸ் முட்டி போட்டான். சொன்னான். பையைத் திறந்தான்.

உள்ளே பனியன் என்று சொல்ல எதுவும் இல்லை. கழுத்தின் தையல் ஒரு வளையம். கைகளின் தையல் இரண்டு வளையம். பக்கவாட்டில் இரண்டு கோடு. லேபிள். சிவப்புக் கயிறு. துணி போன இடம் தெரியவில்லை. தூக்கிப் பிடித்தான். வளையத்துக்குள் அந்தோணியாரின் முகம் முழுசாகத் தெரிந்தது.

தெற்குப் பக்கத்துப் பனியன் ஞாபகம் வந்தது. கம்பெனி மடிப்புகூடக் கலையாமல் வந்த பனியன். இத்தனை வருஷமாகத் தன் மண் சுத்தமாக இருக்கிறது என்றல்லவா பெருமை அடித்துக்கொண்டிருந்தான்? பட்டினி கிடந்திருக்கிறது.

இதை இப்படியே உப்புக் குவியலுக்குள் செருகிவிட்டுப் போனால்? பெரியம்மாவை வாய் திறக்காமல் இருக்கச் சொல்லலாம். அவன் சொன்னால் கேட்பாள். ‘குப்பைன்னு நினைச்சுப் பெரியம்மா எரிச்சுட்டாங்களாம்’ என்று வினோலியாவிடம் சொல்லலாம். திருட்டுப் பட்டமும் போகும், தோட்டமும் மிஞ்சும். ஒரு கணம்தான். நிமிர்ந்தான். சொரூபம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைவிட, ஆரோக்கியம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரியம்மா, வண்டியில ஏறுங்க.”

“நான் எதுக்குய்யா?”

“சாட்சிக்கு.”

தோட்டத்தில் மோட்டார் ரூம் கதவை அவன் தட்ட வேண்டியிருக்கவில்லை. பைக் சத்தம் கேட்டு வினோலியாவே வெளியே வந்தாள். சார்லஸ் தையல் கூட்டை விரித்துத் தன் மார்பின்மேல் வைத்துக் காட்டினான். சட்டை பட்டன்கள் எல்லாம் அதன் வழியே தெரிந்தன.

வினோலியா முடிச்சைத் தொட்டு எண்ணினாள். மூன்று. கண் கலங்கிவிட்டது.

“எங்க கிடைச்சுச்சு?”

“நீ முறையிட்டல்ல, அவருகிட்டயேதான் இருந்துச்சு.”

ஆரோக்கியம்மாள் கதை முழுவதையும் கைகால் ஆட்டி நடித்துக் காட்டினாள். நுஸைபா சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு நாள் முன்னாடியே எடுத்துட்டாங்க, அது செல்லுமா மேடம்?” என்று சும்மா கேட்டுவைத்தான் சார்லஸ்.

“இன்னொரு நாள் கிடந்திருந்தா இன்னும் தின்னிருக்கும். உங்களுக்கு அதுல லாபமே கிடையாதுண்ணே. லேப் ரிசல்ட்டும் வரட்டும். ஆனா இதைப் பாத்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை.”

“என்னங்க...” என்று ஆரம்பித்தாள் வினோலியா. “நான் பாட்டுக்கு உங்களைப் போய்...”

“திருடன்னு நினைச்சுட்ட.”

“வாயால சொல்லலையே.”

“கண்ணால சொன்னியே, அது போதாதா? மூணு பனியன் வாங்கிக் குடு.”

“ரெண்டுதான். ஒண்ணு முழுசா இருக்கே!”

ஆரோக்கியம்மாள்தான் முதலில் சிரித்தாள்.

மறுநாள் பூவெடுப்பு முடிந்ததும் தென்னை நார்க்கழிவு ஏற்றிய டிராக்டர் வந்தது. இந்தத் தடவை அது வரப்புக்குத் தெற்கே திரும்பியது. கிடைக்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. சார்லஸ் கூடை கூடையாக அள்ளிக்கொண்டுபோய்ச் செடிகளின் அடியில் கொட்டினான். வரப்பில் இடுப்பில் கை வைத்து நின்று, “தண்டை ஒட்டிப் போடாதீங்க, ஒரு கை தள்ளி!” என்று அதிகாரம் பண்ணினாள் வினோலியா.

“சரிங்க முதலாளியம்மா!”

அவன் மேலே ஒரு பனியன். எவ்வளவு துவைத்தும் போகாத செம்மண் கறை. கழுத்தோரம் இரண்டு முடிச்சுப் போட்ட சிவப்புக் கயிறு. அவிழ்க்க வரவில்லை என்று சொல்லிக்கொண்டான்.

“இன்னும் ரெண்டு மாசத்துல இதைத் திரும்பப் புதைக்கிறேன் பாரு” என்று கத்தினான். “தின்னாம விட்டுருமா?”